ஹார்ட்வேர் வாலட்டைப் பாதுகாப்பாக அமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில ஆண்டுகளாக நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் ஹார்ட்வேர் வாலட்டை, அதாவது கிரிப்டோ நாணயங்களின் ரகசியச் சாவியைக் காக்கும் சிறு கருவியை, அமைத்துக் கொடுத்து வருகிறேன். கருவி ஆளுக்கு ஆள் மாறுகிறது, ஆனால் கேள்விகள் மாறுவதில்லை. தொலைபேசியில் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்ததால், கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை வைத்து இங்கே எழுதியிருக்கிறேன். எந்த நாணயத்தை வாங்கலாம், விலை ஏறுமா என்பவற்றுக்கு இதில் பதில் இல்லை.

1. என் பிட்காயின் அந்தக் கருவிக்குள்ளதான் இருக்குமா? கருவி தொலைஞ்சா எல்லாம் போச்சா?

இல்லை. பிட்காயின் எந்தக் கருவிக்குள்ளும் இருப்பதில்லை. எந்த முகவரியில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு, உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளில் படியெடுத்து வைக்கப்பட்டுள்ள பொதுப் பேரேட்டில் இருக்கிறது. அந்த முகவரியிலிருந்து செலவழிக்கத் தேவையான ரகசியச் சாவிதான் கருவிக்குள் இருக்கிறது. பணம் அனுப்பும்போது, விவரம் கருவிக்குள் போய், அங்கேயே கையொப்பமாகி, கையொப்பம் மட்டும் வெளியே வருகிறது. சாவி வெளியே வருவதே இல்லை. நச்சு நிரல் புகுந்த கணினியில் செருகினாலும் சாவி தப்புவதற்கு இதுவே காரணம்.

அமைக்கும்போது கருவி தன் திரையில் பெரும்பாலும் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களைக் காட்டும். அவற்றை இந்தப் பக்கத்தில் மீட்புச் சொற்கள் என்று குறிப்பிடுகிறேன். சீட் ஃபிரேஸ் என்று பலர் சொல்வதும் இதைத்தான். கருவியின் சாவிகள் அனைத்தும் இந்தச் சொற்களிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. ஆகவே கருவி கிணற்றில் விழுந்தாலும் சொற்கள் இருந்தால் புதிய கருவியில் எல்லாவற்றையும் மீட்டுவிடலாம். அதே காரணத்தால், கருவி உங்கள் பீரோவில் பத்திரமாக இருக்கும்போதே, சொற்களைப் பார்த்துவிட்ட ஒருவர் எங்கிருந்தோ எல்லாவற்றையும் எடுத்துவிட முடியும். கருவியைப் பூட்டி வைத்துவிட்டுச் சொற்கள் எழுதிய தாளை மேசை மேல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

2. எக்ஸ்சேஞ்ச்லயே விட்டுவெச்சா என்ன? எதுக்கு இந்த வம்பு?

எக்ஸ்சேஞ்ச் என்பது கிரிப்டோ நாணயங்களை வாங்கவும் விற்கவும் உதவும் தளம். அங்கே இருக்கும் நாணயத்தின் சாவி எக்ஸ்சேஞ்சின் கையில் இருக்கிறது. உங்களிடம் இருப்பது அவர்கள் காட்டும் இருப்புத் தொகை. டோக்கியோவில் இயங்கிய மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் 2014 பிப்ரவரியில் முடங்கியபோது, சுமார் 8,50,000 பிட்காயின்கள் காணாமல் போனதாகச் சொல்லப்பட்டது. வாடிக்கையாளர்களுக்கு நாணயமாகத் திரும்பி வரத் தொடங்கியது 2024 ஜூலையில்தான். அதே 2024 ஜூலை மாதத்தில், 18-ஆம் தேதி, இந்தியாவின் வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டன. அதைத் தொடர்ந்து எழுந்த ஒரு வழக்கில், கிரிப்டோ நாணயம் உடைமையாகக் கொள்ளத்தக்க ஒரு சொத்து என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் கூறியது. சட்டப்படி இது பெரிய ஆறுதல்தான், ஆனால் அந்த நிலைக்கு வருவதற்குள் ஓராண்டுக்கு மேல் கடந்துவிட்டிருந்தது.

அதற்காக எல்லோரும் கருவி வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் இருப்பு, கருவியின் விலையைப் போல் சில மடங்குகூட இல்லையென்றால் வாங்காதீர்கள். தாள்களையும் சாவிகளையும் ஒழுங்காக வைத்துக்கொள்ளும் பழக்கம் இல்லாதவருக்கு, எக்ஸ்சேஞ்ச் திவாலாவதைவிடத் தன் மறதியே பெரிய ஆபத்து. மேலும், எல்லாச் செயலிகளும் நாணயத்தை வெளியே எடுக்க விடுவதில்லை. உங்கள் செயலி விடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கருவிக்குப் பணம் கட்டுங்கள்.

3. பழைய சாமான் விக்கிற ஆப்ல சீல் பிரிக்காத கருவி பாதி விலைக்குக் கிடைக்குது. வாங்கலாமா அண்ணா?

வேண்டாம். 2023-இல் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்து வெளியிட்ட ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். ஒருவர் விளம்பரத் தளம் ஒன்றின் வழியே ட்ரெசர் மாடல் டி கருவியை வாங்கினார். பெட்டி, ஒளிர்முத்திரை, கருவியின் இயக்கம் எல்லாம் அசல் போலவே இருந்தன. உள்ளே சிப்பை மாற்றி, கருவியை இயக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேரையும் திருத்தியிருந்தார்கள். அந்தக் கருவி புதிதாக மீட்புச் சொற்களை உருவாக்குவது போல நடித்து, திருடர்கள் முன்கூட்டியே தயாரித்து வைத்திருந்த 20 தொகுப்புகளில் ஒன்றைக் காட்டியது. உரிமையாளர் எல்லா விதிகளையும் பின்பற்றினார். ஆனாலும் 1.33 பிட்காயின் போனது.

தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள், அல்லது அந்தத் தளத்திலேயே பெயர் குறிக்கப்பட்டுள்ள அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி சேரும். அது வலிக்கும்தான், இருந்தாலும் நான் அதையே தேர்வு செய்கிறேன். பெரிய வணிகத் தளங்களிலும் பொருளை விற்பவர் யார் என்று பாருங்கள்; தளத்தின் பெயர் உத்தரவாதம் ஆகாது.

4. பெட்டி வந்துடுச்சு. திறந்ததும் முதல்ல என்ன பண்ணணும்?

முதலில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். பெட்டிக்குள் ஏற்கெனவே சொற்கள் எழுதப்பட்ட அட்டை எதுவும் இருக்கக்கூடாது. கருவியில் ஏற்கெனவே பின் எண் போடப்பட்டிருக்கக்கூடாது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் கருவியைப் பயன்படுத்தாதீர்கள். "உங்கள் வசதிக்காக நிறுவனமே அமைத்துத் தந்துள்ளது" என்று அழகாக அச்சிட்ட சீட்டு உள்ளே இருந்தால், அதை வைத்தவர் திருடர். முத்திரை கிழியாமல் இருப்பது நல்லதுதான், ஆனால் முந்தைய பதிலில் பார்த்தது போல் அது எதையும் நிரூபிப்பதில்லை.

அடுத்து, கணினிக்கான செயலி. தயாரிப்பாளரின் தள முகவரியைக் கையால் தட்டச்சு செய்து அங்கிருந்து இறக்குங்கள். தேடுபொறியில் தேடினால் மேலே வரும் விளம்பர இணைப்புகளில் போலித் தளங்கள் கலந்திருக்கும். 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே, ஹார்ட்வேர் வாலட் தயாரிக்கும் லெட்ஜர் நிறுவனத்தின் பெயரில் ஒரு போலிச் செயலி இருந்து, ஏமாந்தவர்கள் பல லட்சம் டாலரை இழந்த பிறகுதான் நீக்கப்பட்டது. செயலியை நிறுவியதும், கருவி அசல்தானா என்ற சோதனையை அது தானே நடத்தும். ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கச் சொன்னால், சொற்களை உருவாக்கும் முன்பே புதுப்பித்துவிடுங்கள்.

அதன்பின் "புதிய வாலட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். சொற்கள் கருவியின் சிறு திரையில்தான் தோன்ற வேண்டும். கணினித் திரையில் சொற்கள் தெரிந்தாலோ, கணினியில் அவற்றைத் தட்டச்சு செய்யச் சொன்னாலோ உடனே நிறுத்திவிடுங்கள்.

5. 12 சொல் போதுமா, 24 வேணுமா?

12 போதும். மீட்புச் சொற்களுக்காக 2013-இல் உருவான பிப்39 என்ற தரநிலையின் பட்டியலில் 2048 சொற்கள் இருக்கின்றன. 12 சொற்களுக்கு 2-இன் 128-ஆம் அடுக்கு அளவுக்கு வாய்ப்புகள் உண்டு. அது 39 இலக்க எண். ஊகித்துக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம். கருவி 24 கொடுத்தால் 24-ஐ எழுதிக்கொள்ளுங்கள், 12 கொடுத்தால் கவலைப்படாதீர்கள். நான் பார்த்த இழப்புகளில் ஒன்றுகூடச் சொற்களின் எண்ணிக்கையால் நேர்ந்ததில்லை.

6. எழுதுறதுக்குப் பதிலா ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கறேனே? என் போன்ல ஃபேஸ் லாக் இருக்கு.

எடுக்காதீர்கள். எடுத்த சில நொடிகளில் அந்தப் படம் உங்கள் மேகக் (கிளவுட்) கணக்கில் ஏறியிருக்கலாம். அங்கிருந்து பழைய டேப்லெட்டுக்கும், குடும்பத்தினரோடு பகிர்ந்த தொகுப்புக்கும் போயிருக்கலாம். படத்தில் உள்ள எழுத்துகளைப் படிக்கும் வசதி இன்று சாதாரணத் தொலைபேசியிலேயே இருக்கிறது. படங்களைத் துழாவி மீட்புச் சொற்களைத் தேடும் நச்சுச் செயலிகளும் இருக்கின்றன. தனக்குத்தானே மின்னஞ்சல் அனுப்புவது, குறிப்புச் செயலியில் எழுதுவது, வாட்ஸ்அப்பில் மனைவிக்கு அனுப்பிவிட்டு அழிப்பது, கடையில் போய் நகலெடுப்பது எல்லாம் இதே வகைதான். விசைப்பலகையோ கேமராவோ உள்ள எதற்கும் அந்தச் சொற்கள் தெரியக்கூடாது. கருவியில் சொற்களை உள்ளிடுவது மட்டுமே விலக்கு.

எழுதும் இடத்தையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஒரு உறவினர் தன் கடையின் கல்லாவில் உட்கார்ந்து நிதானமாக 24 சொற்களையும் எழுதி முடித்தார். தலைக்கு நேர் மேலே கண்காணிப்புக் கேமரா இருந்தது. அதன் பதிவு கேமரா பொருத்தியவரின் தொலைபேசியிலும் தெரியும். கருவியை அழித்துவிட்டு, வீட்டில் போய் மறுபடி தொடங்க வைத்தேன்.

7. இங்கிலீஷ் சொல்லைத் தமிழ் எழுத்துல எழுதி வெச்சா திருடனுக்குப் புரியாதே?

திருடனுக்குப் புரியும், சில ஆண்டு கழித்து உங்களுக்குத்தான் புரியாது. பிப்39 பட்டியலில் பூனையைக் குறிக்கும் சொல்லும் இருக்கிறது, வாயிற்கதவைக் குறிக்கும் சொல்லும் இருக்கிறது. இரண்டையும் தமிழ் எழுத்தில் "கேட்" என்றுதான் எழுதுவோம். க-வுக்கும் ஒலிப்புள்ள க-வுக்கும் ஒரே எழுத்தை வைத்திருக்கும் மொழியில் இந்த வேலையைச் செய்யக்கூடாது. ஒரு தோழி இப்படி எழுதிவைத்து, இரண்டையும் மாற்றிமாற்றிப் போட்டுப் பார்த்துத்தான் மீட்டார். சந்தேகம் ஒரு சொல்லோடு நின்றதால் பிழைத்தார்.

ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், ஒவ்வொரு சொல்லுக்கும் வரிசை எண் இட்டு எழுதுங்கள். சொல்லின் முதல் நான்கு எழுத்துகள் போதும். பட்டியலில் எந்த இரண்டு சொற்களுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக வராதபடிதான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வரிசையை மாற்றி எழுதுவது, ஒரு சொல்லை வேண்டுமென்றே தவறாக எழுதுவது போன்ற சொந்தத் தந்திரங்களையும் இதே காரணத்துக்காக விட்டுவிடுங்கள்.

8. காகிதம் எத்தனை நாளைக்கு? பாத்திரக் கடையில பேர் வெட்டித் தர்றாங்களே, அங்க கொடுத்து ஒரு தட்டுல வெட்டிக்கலாமா?

யோசனையின் பாதி அருமையானது. காகிதத்தின் எதிரி நம் ஊரில் நெருப்பைவிடத் தண்ணீரும் கரையானும்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளத்தில் இருந்த எத்தனையோ வீடுகளின் பத்திரங்கள் கூழாகிப்போனதை மறக்க முடியாது. ஒரே தாளில் ஒரு வரியை ஜெல் பேனாவாலும் அடுத்த வரியை பால்பாயிண்ட் பேனாவாலும் எழுதி, இரவு முழுவதும் தட்டில் ஊறப்போட்டுப் பார்த்தேன். காலையில் ஜெல் எழுத்து நீலக் கறையாகப் பரவிக் கிடந்தது. பால்பாயிண்ட் எழுத்தைப் படிக்க முடிந்தது. காகிதம் என்றால் பால்பாயிண்ட், அதுவும் காற்றுப் புகாத உறைக்குள்.

எவர்சில்வர் தகடு அதைவிட நல்லது, அது உருக ஏறத்தாழ 1400 பாகை செல்சியஸ் வேண்டும். அலுமினியம் 660 பாகையிலேயே உருகிவிடும் என்பதால் அது வேண்டாம். ஆனால் வெட்டுவதைக் கடைக்காரரிடம் கொடுத்தால், அவருக்கும் வரிசையில் நிற்பவருக்கும் சொற்கள் தெரிந்துவிடும். இரும்புக் கடையில் எழுத்து அச்சுகள் ஒரு தொகுப்பாகக் கிடைக்கும், சுத்தியல் வீட்டில் இருக்கும். ஒரு சொல்லுக்கு நான்கு எழுத்து என்றால் 24 சொற்களுக்கு 96 அடிகள். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் போதும். பக்கத்து வீட்டார் என்ன சத்தம் என்று கேட்பார்கள், அதற்கு ஒரு பதிலை முன்பே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

9. பாதிச் சொல்லை என்கிட்டயும் மீதியை ஊர்ல அண்ணன் வீட்லயும் வெச்சா இன்னும் பாதுகாப்புதானே?

இதில் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, இரண்டு இடங்களில் எது போனாலும் எல்லாம் போகும். அதாவது இழக்கும் வாய்ப்பை இரட்டிப்பாக்கிக்கொள்கிறீர்கள். இரண்டாவது, 12 சொற்களை ஆறு ஆறாகப் பிரித்தால், ஒரு பாதி கிடைத்தவருக்கு மீதமிருக்கும் வாய்ப்புகள் 2-இன் 62-ஆம் அடுக்குதான். அதுவும் பெரிய எண்தான், ஆனால் ஐந்தாம் பதிலில் சொன்ன 128-ஆம் அடுக்கோடு ஒப்பிட முடியாது.

முழுச் சொற்களையும் இரண்டு படிகளாக, இரண்டு ஊர்களில், பூட்டிய இடங்களில் வைப்பதே பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். பிரித்துத்தான் வைக்க வேண்டுமென்றால் அதற்கென்றே வகுக்கப்பட்ட ஷமிர் முறை இருக்கிறது: மூன்று பங்குகளில் எந்த இரண்டு சேர்ந்தாலும் மீட்கலாம், ஒன்றை மட்டும் வைத்து எதுவும் செய்ய முடியாது. ட்ரெசர் மாடல் டி-யில் இந்த வசதி 2019-இல் வந்தது. எல்லாக் கருவிகளிலும் இது கிடையாது என்பதால் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

10. பின் நம்பர் மறந்துட்டா?

பயப்பட வேண்டியதில்லை. லெட்ஜர் கருவிகளில் மூன்று முறை தவறாகப் போட்டால் கருவி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ட்ரெசர் ஒன் என்ற கருவியில் ஒவ்வொரு தவறுக்கும் காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும். அழிந்த கருவியில் மீட்புச் சொற்களை உள்ளிட்டுப் புதிய பின் வைத்துக்கொள்ளலாம். பின் என்பது கருவியைக் கையில் எடுத்தவரைத் தடுப்பதற்கு மட்டுமே. பிறந்த ஆண்டு, வண்டி எண், ஏடிஎம் பின் வேண்டாம்.

11. நான் எழுதினது சரிதான்னு எப்படித் தெரியும்? கருவியே ரெண்டு மூணு சொல்லைக் கேட்டுச் சரிபார்த்துடுச்சே.

அது போதாது. நான் அமைத்துக் கொடுக்கும் ஒவ்வொருவரையும், முணுமுணுத்தாலும் விடாமல், பெரிய தொகை எதையும் அனுப்பும் முன் ஓர் ஒத்திகை செய்ய வைக்கிறேன். முதலில் கருவி காட்டும் முதல் பெறும் முகவரியை ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும், முகவரி ரகசியமன்று. பிறகு வேண்டுமென்றே கருவியை அழிக்க வேண்டும். அடுத்து "ஏற்கெனவே உள்ள வாலட்டை மீட்டெடு" என்பதைத் தேர்ந்தெடுத்து, எழுதிய தாளை மட்டும் பார்த்து, கருவியின் பொத்தான்களால் சொற்களை ஒவ்வொன்றாக உள்ளிட வேண்டும். இரண்டே பொத்தான் உள்ள கருவியில் இது பொறுமையைச் சோதிக்கும். முடிந்ததும் அதே முகவரி வந்தால் தாள் சரி.

ஒரு நண்பரின் தாளில் 24 சொற்களும் பிழையின்றி இருந்தன, ஆனால் எண் இடாமல் இரண்டு பத்திகளாக எழுதியிருந்தார். நெடுக்காகப் படித்து உள்ளிட்டபோது கருவி ஏற்க மறுத்தது. "குறுக்காகத்தான் எழுதினேன் போலிருக்கிறது" என்றார் அரைமனதாக. குறுக்காகப் படித்தபோது முகவரி பொருந்தியது. இது அமைத்த அன்றே நடந்ததால் சிரித்தோம். ஐந்து ஆண்டு கழித்து, கருவி பழுதான பின், அவருடைய மகன் அந்தத் தாளோடு உட்கார்ந்திருந்தால் சிரித்திருக்க மாட்டான்.

கருவி தவறைக் கண்டுபிடித்ததற்குக் காரணம், கடைசிச் சொல்லுக்குள் ஒரு சரிபார்ப்புக் குறி ஒளிந்திருப்பது. ஆனால் அது முழுக் காவல் ஆகாது: 12 சொற்களில் நேரும் பிழை, ஏறத்தாழ பதினாறில் ஒரு வாய்ப்பில் சரியானது போலவே ஏற்கப்பட்டு, காலியான வேறொரு வாலட்டைத் திறந்து காட்டும். அதனால்தான் முகவரியை ஒப்பிடச் சொல்கிறேன்.

12. போன்ல புளூடூத் வழியா இணைச்சா நடுவுல யாராவது சாவியைப் பிடிச்சுட மாட்டாங்களா?

மாட்டார்கள். முதல் பதிலில் சொன்னபடி சாவி கருவியை விட்டு வெளியே வருவதில்லை. காற்றில் போவது பரிமாற்ற விவரமும் கையொப்பமும் போன்றவைதான். மனம் ஒப்பவில்லை என்றால் கம்பியால் இணையுங்கள்.

13. எக்ஸ்சேஞ்ச்ல இருந்து முதல் தடவை அனுப்பும்போது எதைப் பார்க்கணும்? முகவரி வேற ஒவ்வொரு தடவையும் மாறுதே!

பிட்காயினில் முகவரி மாறுவது உங்கள் வரவுகளைப் பிறர் எளிதில் தொகுத்துப் பார்க்காமல் இருப்பதற்காக. பழைய முகவரிகளும் உங்களுடையவையே, அவற்றுக்கு வரும் தொகை எங்கும் போய்விடாது. எத்தீரியம் என்ற மற்றொரு கிரிப்டோவில் முகவரி மாறாது.

கணினியில் தெரியும் முகவரியை நம்பாமல், கருவியின் திரையில் தோன்றும் முகவரியோடு ஒப்பிட வேண்டும். நகலெடுத்து ஒட்டும் நேரத்தில் முகவரியை மாற்றிவிடும் நச்சு நிரல்கள் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளன. முதல் நான்கும் கடைசி நான்கும் பார்த்தால் போதும் என்பது பழைய அறிவுரை. முதலும் கடைசியும் பொருந்தும் போலி முகவரியை உருவாக்கி, அதிலிருந்து சில்லறைத் தொகை அனுப்பி, உங்கள் பரிமாற்றப் பட்டியலில் நுழைத்துவிடுகிறார்கள், நீங்கள் அடுத்த முறை அங்கிருந்து நகலெடுப்பீர்கள் என்ற எதிர்பார்ப்பில். ஆகவே நடு எழுத்துகளையும் படியுங்கள். முதலில் சிறு தொகை அனுப்பி, வந்து சேர்ந்த பின் மீதியை அனுப்புங்கள். இருமுறை கட்டணம் ஆகும், ஆகட்டும். பல பிணையங்களில் (நெட்வொர்க்குகளில்) புழங்கும் யுஎஸ்டிடி போன்ற நாணயங்களில், அனுப்பும் பக்கமும் பெறும் பக்கமும் ஒரே பிணையத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். திரும்ப அனுப்புவதற்கான கட்டணம் அந்தந்தப் பிணையத்தின் சொந்த நாணயத்தில் தேவைப்படும் என்பதால் அதிலும் கொஞ்சம் வைத்திருங்கள்.

14. இருபத்தஞ்சாவது சொல்னு ஒண்ணு இருக்காமே? அது எல்லாருக்கும் வேணுமா?

பாஸ்பிரேஸ் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். மீட்புச் சொற்களோடு நீங்களே வைக்கும் ஒரு தொடரைச் சேர்த்தால் முற்றிலும் வேறொரு வாலட் திறக்கும். தாள் திருடுபோனாலும் தொடர் தெரியாமல் அந்த வாலட்டைத் தொட முடியாது. 2020 ஜனவரியில் கிராகன் எக்ஸ்சேஞ்சின் பாதுகாப்பு ஆய்வகம், ட்ரெசரின் அன்றைய இரு கருவிகளையும் கையில் வைத்துக்கொண்டு சுமார் 15 நிமிடங்களில் சொற்களைப் பிரித்தெடுக்க முடியும் என்று காட்டியபோது, பாஸ்பிரேஸ் வைத்திருந்தவர்கள் அந்தத் தாக்குதலிலிருந்து தப்பினார்கள்.

இதற்கு விலையும் உண்டு. பாஸ்பிரேஸில் சரி, தவறு என்று எதுவும் கிடையாது. ஓர் இடைவெளி கூடினாலும், பெரிய எழுத்து சிறிய எழுத்தாக மாறினாலும், கருவி எந்தப் பிழையும் சொல்லாமல் காலியான ஒரு வாலட்டைத் திறக்கும். "பணம் காணோம்" என்று பதறி எனக்கு வந்த அழைப்புகளில் சில இந்த வகைதான். முதல் ஆண்டு இது வேண்டாம் என்பது என் கருத்து. வைத்தால், மனத்தில் மட்டும் வைக்காமல் எழுதி, சொற்கள் இருக்கும் இடத்திலிருந்து வேறோர் இடத்தில் வையுங்கள். பதினோராம் பதிலின் ஒத்திகையைப் பாஸ்பிரேஸோடும் செய்யுங்கள்.

15. கம்பெனில இருந்து லெட்டர் வந்திருக்கு. என் பேர், அட்ரஸ் எல்லாம் சரியா இருக்கு. 24 சொல்லை உறுதிப்படுத்தணுமாம்.

கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். 2020 டிசம்பரில் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் சுமார் 2,72,000 பேரின் பெயர், அஞ்சல் முகவரி, தொலைபேசி எண் ஆகியவை இணையத்தில் பகிரங்கமாகப் போடப்பட்டன. அதன் பிறகு அவர்களுக்கு மின்னஞ்சல், குறுஞ்செய்தி, கடிதம் மட்டுமல்லாமல் போலிக் கருவிகளே அஞ்சலில் வந்து சேர்ந்தன. உங்கள் முகவரி அவர்களுக்குத் தெரிந்திருப்பது எதற்கும் சான்றன்று. எந்தத் தயாரிப்பாளரும், எந்தக் காரணத்துக்காகவும் மீட்புச் சொற்களைக் கேட்பதில்லை. வாங்கும்போது வீட்டு முகவரிக்குப் பதில் அலுவலக முகவரியும், இதற்கென்றே ஒரு மின்னஞ்சலும் கொடுப்பது நல்லது.

16. கருவியும் இருக்கு, சொல்லும் பத்திரமா இருக்கு. ஆனாலும் என் நண்பனுக்குப் பணம் போச்சு. எப்படி?

அவரே கையொப்பமிட்டுக் கொடுத்திருப்பார். எத்தீரியம் போன்ற பிணையங்களில் இலவச டோக்கன் (அந்தப் பிணையத்தில் புழங்கும் நாணயம்) தருகிறோம் என்று ஒரு தளம் அழைக்கும். வாலட்டை இணைத்தால் "அனுமதி" கேட்கும். உங்கள் டோக்கன்களை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதே அந்த அனுமதியின் பொருளாக இருக்கலாம். கருவியின் திரையில் புரியாத எண்ணும் எழுத்துமாக ஓடும். அவசரத்தில் இரண்டு பொத்தானையும் அழுத்திவிடுவோம். படிக்க முடியாததற்குக் கையொப்பமிடுவதைக் குருட்டுக் கையொப்பம் என்கிறார்கள். கருவி உங்கள் ஆணையை நிறைவேற்றுமே தவிர, அது நல்ல ஆணையா என்று பார்க்காது.

இதில் பெரியவர்களும் விழுந்திருக்கிறார்கள். 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள எத்தீரியம் களவுபோனது. பலர் சேர்ந்து கையொப்பமிட வேண்டிய அந்த வாலட்டில், கணினித் திரை வழக்கமான பரிமாற்றத்தைக் காட்டியது, கருவிகளுக்குள் போனதோ வேறு. நீண்ட காலச் சேமிப்புக்கு ஒரு கருவியும், இத்தகைய தளங்களில் புழங்குவதற்குச் சிறு தொகையோடு தனியாக ஒரு வாலட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்புக் கருவியைப் புதிய தளம் எதனோடும் இணைக்காதீர்கள்.

17. எக்ஸ்சேஞ்ச்ல இருந்து என் கருவிக்கு மாத்தினா வரி கட்டணுமா?

உங்களுடையதிலிருந்து உங்களுடையதற்கே மாற்றும்போது விற்பனை எதுவும் நடக்காததால் ஆதாயமும் இல்லை, அதன் மீதான வரியும் இல்லை. இந்தியாவில் விற்கும்போதுதான் ஆதாயத்தில் 30 சதவீத வரி 2022 ஏப்ரலிலிருந்தும், விற்பனைத் தொகையில் 1 சதவீதப் பிடித்தம் அதே ஆண்டு ஜூலையிலிருந்தும் நடைமுறையில் உள்ளன. ஒரு நாணயத்தைக் கொடுத்து வேறொன்றை வாங்குவதும் விற்பனையே. நாணயம் எக்ஸ்சேஞ்சை விட்டு வெளியேறியதும் அவர்களுடைய கணக்கு அறுந்துவிடும். வாங்கிய தேதி, விலை, பரிமாற்ற எண் ஆகியவற்றை நீங்களே குறித்து வைத்து ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

18. எனக்கு ஏதாவது ஆயிட்டா வீட்ல எப்படி எடுப்பாங்க?

வங்கியைப் போல நாமினி படிவம் எதுவும் இதற்குக் கிடையாது. வாரிசுச் சான்றிதழைக் காட்டினாலும் சாவியை எடுத்துத் தர எவராலும் முடியாது. எனவே ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் மீட்புச் சொற்கள் இருக்கக்கூடாது. கருவி எங்கே இருக்கிறது, சொற்கள் பொறித்த தகடு எங்கே இருக்கிறது, எந்தெந்த நாணயங்கள் உள்ளன, எந்தச் செயலியைப் பயன்படுத்துகிறீர்கள், பாஸ்பிரேஸ் இருந்தால் அது எங்கே, யாரிடம் உதவி கேட்கலாம், யாரிடம் கேட்கவே கூடாது என்பவை இருக்க வேண்டும். துக்க வீட்டுக்கு வந்து "நான் எடுத்துத் தருகிறேன், சொற்களை மட்டும் சொல்லுங்கள்" என்பவருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

எழுதியதைக் கணவரோ மனைவியோ மகளோ உங்கள் முன்னிலையில் படித்து, நீங்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க, சிறு தொகை ஒன்றை எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பிப் பார்க்கட்டும். என் மனைவி செய்தபோது மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டார்: "பீரோவின் மேல் தட்டு" என்று நான் எழுதியிருந்தேன், எங்கள் வீட்டில் இரண்டு பீரோக்கள் இருக்கின்றன.